மளிகைச் சீட்டும் கைப்பேசிக் கடையும்

நம் வீடுகளில் இக்கால் கையால் தமிழ் எழுதப்படும் இடங்கள் எத்துணை என்று அன்பர்கள் என்றேனும் எண்ணிப் பார்த்ததுண்டா? மடல் எழுதும் வழக்கம் ஒழிந்து ஒரு தலைமுறை ஆயிற்று. பிள்ளைகள் படிப்பதும் எழுதுவதும் ஆங்கிலத்தில். வங்கிப் படிவத்தில் ஆங்கிலம். மருத்துவர் தரும் சீட்டில் ஆங்கிலம். கைப்பேசியில் ‘சாப்பிட்டாயா’ என்று கேட்க வேண்டுமாயினும் அதை ஆங்கில எழுத்திலேயே தட்டும் ஒரு கூட்டம் வளர்ந்துவிட்டது. இத்தனைக்கும் பின்னர், பிழையோடோ பிழையின்றியோ, திங்கள்தோறும் தவறாமல் தமிழ் எழுதப்பட்ட ஓரிடம் எஞ்சியிருந்தது. அதுதான் மளிகைச் சீட்டு.

பழைய நாட்காட்டித் தாளைக் கிழித்து அதன் பின்புறத்தில் நம் அன்னையர் எழுதிய சீட்டு அது. து. பருப்பு ஒன்று, உளுந்து அரை, புளி கால், சீரகம் ஐம்பது, பெருங்காயம் சிறியது ஒன்று. அச்சீட்டை வாங்கிய கடைக்காரர் ஒவ்வொரு பெயருக்கும் நேரே விலையைப் போட்டு, அடியில் கோடிழுத்துக் கூட்டி, அதையே பொருள்களோடு பைக்குள் வைத்துத் திருப்பித் தருவார். வீட்டுக்கு வந்ததும் பையன் அதைப் பார்த்துப் பொருள்களைச் சரிபார்ப்பான். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட பெண்ணுக்கும் எழுதும் பழக்கம் கைவிட்டுப் போகாமல் காத்தது அச்சீட்டு. எந்த இலக்கியக் கழகமும் எந்த அரசுத் துறையும் செய்யாத பணியை அஃது ஓசையின்றிச் செய்து வந்தது. அது சாகக் கிடக்கிறது என்பதைச் சொல்லவே இதை எழுதுகின்றோம்.

சென்ற திங்கள் எம் தங்கை மகன் கும்மிடிப்பூண்டியிலிருந்து எம்மைக் காண வந்திருந்தான். பொறியியல் படித்தவன், அங்குள்ள சிப்காட்டுத் தொழிற்பேட்டையில் இரும்பாலை ஒன்றில் ஆறாண்டு வேலை பார்த்தவன். வேலையை விட்டுவிட்டு நண்பர் இருவருடன் சேர்ந்து வணிகம் தொடங்கப் போவதாகச் சொன்னான். என்ன வணிகம் என்று வினவினோம். “கைப்பேசி வழியாக அன்றாட மளிகை வாங்குவதை எளிதாக்கப் போகிறோம், மாமா” என்றான்.

அவன் எண்ணம் பழுதுடையதன்று. அதை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். தொழிற்பேட்டையின் வாழ்க்கையை அறிந்தவர்க்கு அதன் தேவை விளங்கும். பல ஆலைகளில் இரண்டாம் முறை வேலை இரவு பத்து மணிக்கு விடுகிறது. பத்து மணிக்கு வெளியே வந்து, பேருந்தோ தொடர்வண்டியோ பிடித்துக் கவரைப்பேட்டையிலோ பொன்னேரியிலோ இறங்குகிறவனுக்கு எந்தக் கடை திறந்திருக்கும்? இரவு முறை முடித்துக் காலையில் வருகிறவன் கண்ணயர்வானா, கடைக்குப் போவானா? புதுகும்மிடிப்பூண்டியிலும் பெத்திக்குப்பத்திலும் சிறுபுழல்பேட்டையிலும் ஓரறையில் நால்வர் ஐவராய்த் தங்கியிருப்போர்க்கும் இதே தொல்லை. வேலைக்குப் போகுமுன் கைப்பேசியில் சொல்லிவிட்டால், அண்மைக் கடைக்காரர் பொருளைக் கட்டி வைப்பார். வரும் வழியில் பையை எடுத்துக்கொண்டு போகலாம், அல்லது வீட்டிற்கே ஒருவர் கொண்டு சேர்ப்பார். தனியாகப் பண்டகசாலை கட்டாமல், இருக்கின்ற கடைகளைக் கொண்டே நடத்துவது அவன் திட்டம். கேட்டு உண்மையில் மகிழ்ந்தோம். கைப்பேசியைக் கண்டு கலங்கும் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் அல்லேம் நாம். அச்சுப்பொறி வந்தபோது ஓலையைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தால் தொல்காப்பியம் நம் கைக்கு வந்திருக்குமா?

பிறகு செயலியைக் காட்டினான். பெயர் ஆங்கிலம், இரண்டு ஆங்கிலச் சொற்களைப் பாதி பாதியாக வெட்டி ஒட்டிய பெயர். முகப்பு ஆங்கிலம். பொருட்பட்டியலைத் திறந்தான். அங்கேதான் எமக்கு நெஞ்சம் துணுக்குற்றது. துவரம்பருப்பு என்னும் சொல்லை அங்குக் காணோம். ‘தூர் தால்’ இருந்தது. உளுந்து ‘உரத் தால்’ ஆகியிருந்தது. பாசிப்பருப்பு ‘மூங் தால்’. சீரகம் ‘சீரா’, வெந்தயம் ‘மேத்தி’, மஞ்சள் ‘அல்தி’, கடலைமாவு ‘பேசன்’, கோதுமை மாவு ‘ஆட்டா’, பெருங்காயம் ‘ஈங்’, சவ்வரிசி ‘சாபுதானா’. சுரைக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் கூடத் தப்பில்லை. எல்லாம் ஆங்கில எழுத்தில் எழுதிய இந்திப் பெயர்கள்!

“உன் அன்னையிடம் இதைக் காட்டினாயா?” என்று கேட்டோம். காட்டினானாம். அவள் அவல் வாங்க எண்ணித் தேடுமிடத்தில் ‘அவல்’ என்று தமிழில் தட்டினாளாம். ‘அப்படி ஒரு பொருள் இல்லை’ என்று ஆங்கிலத்தில் வந்ததாம். அவலோ அங்கே இருந்தது, ‘போகா’ என்னும் பெயரில். பொன்னேரியைச் சுற்றி நெல் விளைகிறது. செங்குன்றத்தில் தமிழகமே அறிந்த அரிசி மண்டிகள் இருக்கின்றன. அந்த மண்ணில் பிறந்து வளர்ந்த ஒருத்தியைப் பார்த்து, அவள் பெற்ற மகன் செய்த பொறி, ‘அவல் என்று ஒன்றில்லை’ என்கிறது. இதைச் சொல்லி அவன் சிரித்தான். எமக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? அவன் எழுதவில்லை, அவன் நண்பர்களும் எழுதவில்லை. வடநாட்டுப் பெருங்குழுமங்கள் ஆக்கி வைத்த பட்டியல்களைப் பார்த்துப் படியெடுத்ததாகச் சொன்னான். அப்பட்டியல்கள் பொட்டலங்களின் மேலுள்ள பெயர்களைப் பார்த்து எழுதப்பட்டவை. பொட்டலத்தின் மேல் ஏன் அப்பெயர்? அன்பர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். 2011-ஆம் ஆண்டின் பொட்டலப் பொருள்கள் பற்றிய நடுவணரசு விதிகளின்படி, பொட்டலத்தின் மேல் தரவேண்டிய செய்திகள் தேவநாகரி எழுத்தில் இந்தியிலோ அல்லது ஆங்கிலத்திலோ இருத்தல் வேண்டும். மற்ற மொழிகள் ‘கூடுதலாக’ இருக்கலாமாம்! செங்குன்றத்தில் அரைத்துப் பொட்டலமாக்கித் திருவள்ளூரில் விற்கும் மிளகாய்த்தூளின் மேல் தமிழில் மட்டும் எழுதினால் அது சட்டப் பிழை. இந்தியில் மட்டும் எழுதினால் அது சட்டப்படி சரி. வாங்குபவள் தமிழச்சி, விற்பவன் தமிழன், விளைந்தது தமிழ் நிலம். ஆயினும் அப்பொட்டலத்தில் தமிழ் ஒரு விருந்தாளியே. பொட்டலத்திலிருந்து பட்டியலுக்கும், பட்டியலிலிருந்து கைப்பேசிக்கும், கைப்பேசியிலிருந்து பெண்கள் நாவுக்கும் அச்சொற்கள் இறங்குகின்றன. ‘பன்னீர்’ என்றால் நறுமண நீர் என்று அறியாத குழந்தைகள் நம் வீடுகளிலேயே இருக்கின்றன. அவற்றுக்கு அது பாற்கட்டி!

1938-இல் இந்தி பள்ளிக்கூடத்து வாயில் வழியாக வந்தது. தமிழர் தடுத்தனர், நடராசனும் தாளமுத்துவும் சிறைப்பட்டு 1939-இல் உயிர் நீத்தனர். 1965-இல் அலுவலகத்து வாயில் வழியாக வந்தது. தமிழ்நாடே தீப்பற்றி எரிந்தது. இன்று அடுக்களை வாயில் வழியாக, பருப்புப் பொட்டலத்தின் மேல் அமர்ந்து வருகிறது. தடுப்பார் இல்லை என்பது மட்டுமில்லை, கதவைத் திறந்துவிடுகிறவன் எம் தங்கை மகனாக இருக்கிறான்.

திருவள்ளூர் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் செய்வதுதான் எம்மை மிகவும் வருத்துகின்றது. அம்மாவட்டம் எத்தகைய மாவட்டம்? வடவெல்லை மாவட்டம். ஆந்திரம் பிரிந்தபோது அதனோடு போன திருத்தணியை மீட்பதற்கு ம.பொ.சி. தலைமையில் நடந்த போராட்டத்தை இளைஞர் அறிவாரா? ஊர் ஊராய்ச் சென்று தமிழ் கற்பித்து அப்போராட்டத்துக்கு மண்ணைப் பண்படுத்திய மங்கலங்கிழாரை அறிவாரா? பன்னாள் போராடிச் சிறை சென்றபின், படாசுகர் பரிந்துரைப்படி 1960 ஏப்பிரல் 1-ஆம் நாள் திருத்தணி நம்மிடம் திரும்பியது. திருப்பதி போனது போனதுதான். அன்று ஓர் ஊர் யாருடையது என்பதை எதைக் கொண்டு முடிவு செய்தனர்? அவ்வூர் மக்கள் எம்மொழியில் பேசுகின்றனர் என்பதைக் கொண்டு! வீட்டிலும் வயலிலும் கடையிலும் எம்மொழி வழங்குகிறது என்பதைக் கொண்டு! கடைமொழியைச் சான்றாகக் காட்டி மீட்ட மாவட்டத்தில், அந்தக் கடைமொழியை நாமே விலைபேசாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

இனி, எம் தங்கை மகன் சொன்ன மறுப்புகளுக்கு வருவோம். அவை அவனுடையவை மட்டுமல்ல. வணிகம் தொடங்கும் தமிழிளைஞர் எல்லாரும் சொல்பவை.

“தமிழில் பெயர் வைத்தால் பணம் போடுகிறவன் திரும்பிப் பார்க்க மாட்டான், மாமா” என்றான். அப்படியா? அமெரிக்க வால்மார்ட்டுக் குழுமம் 2018-இல் 1,600 கோடி டாலர் கொடுத்துப் பிளிப்கார்ட்டின் 77 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. அப்பிளிப்கார்ட்டு 2020 சூனில் தன் செயலியைத் தமிழில் தந்தது. அமேசான் அதே ஆண்டு செப்டம்பரில் தமிழில் தந்தது. தமிழ்ப்பற்றினாலா தந்தார்கள்? சியாட்டிலில் இருப்பவனுக்குத் தமிழ்மேல் என்ன பற்று? கணக்குப் பார்த்தான், ஆங்கிலம் படிக்காத தமிழர் கையிலும் பணம் இருக்கிறது என்று கண்டான், தந்தான். தமிழுக்கு விலை உண்டென்று அமெரிக்கன் அறிந்துகொண்டான். கும்மிடிப்பூண்டித் தமிழன் அறியவில்லை!

இன்னுமொரு சான்று வேண்டுமாயின், எந்தப் பெட்டிக்கடைக்கும் சென்று ஒரு நாழிகை நில்லுங்கள். பணம் செலுத்தியவுடன் இத்தனை உருபா வந்தது என்று குரல் கொடுக்கும் சிறு பெட்டி அங்கே இருக்கும். அது பல கடைகளில் என்ன மொழியில் பேசுகிறது? தமிழில் பேசுகிறது. அதை விற்றவன் வடநாட்டான். எண்ணெய்க் கையோடு தராசைப் பிடித்துக்கொண்டிருக்கும் கடைக்காரருக்குத் திரையைப் பார்க்க நேரமில்லை. காதில் விழுவது விளங்க வேண்டும். விளங்காத பெட்டியை அவர் வாங்கமாட்டார். ஆகவே அது தமிழ் பேசியது. கேட்கும் இடத்தில் கேட்டால் தமிழ் கிடைக்கிறது. கேளாத இடத்தில் ‘சீரா’ கிடைக்கிறது.

2021 அகுத்தோபரில் நடந்ததையும் நினைவுபடுத்துகின்றோம். உணவு கொண்டுசேர்க்கும் சொமாட்டோ நிறுவனத்திடம் தமிழகத்து இளைஞர் ஒருவர் தமக்கு வரவேண்டிய பண்டம் வரவில்லை என்று முறையிட்டார். இந்தி தேசிய மொழி, அனைவரும் சிறிதேனும் அறிந்திருக்க வேண்டும் என்று அவருக்கு மறுமொழி வந்தது. அரசியலமைப்பின் 343-ஆம் கூறு இந்தியை ஒன்றியத்தின் அலுவல்மொழி என்கிறதேயன்றித் தேசிய மொழி என்று எங்கும் சொல்லவில்லை, அது கிடக்கட்டும். தமிழர் பொங்கினர். மறுநாளே அந்நிறுவனம் தமிழிலேயே மன்னிப்பு மடல் வெளியிட்டு, தமிழ்ச் செயலி உருவாகி வருகிறது என்றும், கோவையில் தமிழ் அழைப்பு நடுவம் அமையவிருக்கிறது என்றும் அறிவித்தது. மறுமொழி சொன்ன பணியாளரை நீக்கியதையும், பின்னர் மீளச் சேர்த்ததையும் பற்றி எமக்கு ஒரு சொல்லும் இல்லை. சிற்றூதியத்துக்கு உழைக்கும் ஒருவரை வீட்டுக்கு அனுப்புவதால் தமிழ் வாழ்ந்துவிடாது. தமிழ்நாட்டில் கடைவிரிப்பவன் தமிழில் மறுமொழி சொல்லும் ஏற்பாட்டோடு வரவேண்டும் என்பதே நாம் கேட்பது.

பெயரைப் பற்றிய அச்சத்துக்கும் விடை உண்டு. சோகோ நிறுவனம் தன் செய்திச் செயலிக்கு ‘அரட்டை’ என்று பெயரிட்டது. 2025-இன் பிற்பகுதியில் அதை இந்தியாவெங்கும் உள்ளோர் இறக்கிக்கொண்டனர். ‘ட்டை’ என்பதைச் சொல்லத் தெரியாமல் வடவர் நாவைச் சுழற்றினர், ஆனாலும் சொன்னார்கள். பெயர் தமிழாய் இருந்ததால் யாரும் ஓடிவிடவில்லை. சப்பானியன் தன் பெயரை வைத்துக்கொண்டே உலகெங்கும் வண்டி விற்கிறான். தமிழன் மட்டும் தன் பெயரைக் கழற்றிவைத்துவிட்டுத்தான் கடைக்குள் நுழைய வேண்டுமா?

அவன் சொன்ன அடுத்த மறுப்பு எளிதில் தள்ளத்தக்கதன்று. “தொழிற்பேட்டையில் ஒடியாக்காரரும் பீகாரிகளும் வங்காளிகளும் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கும் விற்க வேண்டுமே?” என்றான். விற்க வேண்டும்தான். பிறந்த ஊரைவிட்டு வந்து, உலைக்களத்து வெப்பில் நின்று உழைப்பவன் நமக்குப் பகைவன் அல்லன். அவனும் அரிசி வாங்கித்தான் உண்ண வேண்டும். ஆரம்பாக்கம், எளாவூர், ஊத்துக்கோட்டைப் பகுதிகளில் தலைமுறை தலைமுறையாக வாழும் தெலுங்கு மக்களும் உள்ளனர். கைப்பேசிச் செயலியின் ஏந்து என்னவென்றால், ஒடியனுக்கு ஒடியத்திலும் தெலுங்கருக்குத் தெலுங்கிலும் தமிழருக்குத் தமிழிலும் ஒரே பட்டியலைக் காட்ட முடியும் என்பதுதான். சுவரில் எழுதிய எழுத்துக்கு அவ்வாற்றல் இல்லை. அப்படியிருக்க, வந்தவர் நால்வர்க்காக எல்லார்க்கும் இந்திப் பெயர் என்பது எந்தக் கணக்கு? ஒடிய மொழிக்கும் தனி எழுத்தும் இலக்கியமும் உண்டே! இதில் ஒடியனுக்கும் பயனில்லை, தமிழனுக்கும் பயனில்லை. வாடகைக்கு வந்தவனுக்கு அறை கொடுக்கலாம். அதற்காக வீட்டுக்காரன் திண்ணையில் படுக்க வேண்டியதில்லை.

இளைஞரை மட்டும் சாடிவிட்டுக் கடைக்காரப் பெருமக்களை விட்டுவிட்டால் முறையாகாது. வணிகர்களே, உங்கள் கடைக்கு என்ன பெயர் வைத்திருக்கிறீர்கள்? ‘டிரேடர்சு’, ‘மார்ட்டு’, ‘ஏசன்சீசு’! தமிழ்நாட்டுக் கடைகள் நிறுவனங்கள் பற்றிய 1948-ஆம் ஆண்டு விதிகளில் 15-ஆம் விதி, பெயர்ப்பலகை தமிழில் இருக்க வேண்டும், பிறமொழி இருப்பின் அது தமிழுக்குக் கீழே இருக்க வேண்டும் என்கிறது. அதை ஆளும் அலுவலரும் மதிப்பதில்லை, நீங்களும் மதிப்பதில்லை. ஆங்கிலத்தைத் தமிழ் எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டுச் சட்டத்தை வென்றுவிட்டதாக மகிழ்கிறீர்கள். இப்போது கேளுங்கள்: அந்த விதி செங்கற் சுவருக்குத்தான். கைப்பேசித் திரையில் திறக்கும் கடைக்கு மேலே பலகையும் இல்லை, விதியும் இல்லை. சுவர்க்கடை தேய்ந்து திரைக்கடை வளரும்போது, இருந்த அரைகுறைக் காப்பும் நம்மைவிட்டுப் போகிறது.

தேய்வது உண்மை. நுகர்பொருள் பகிர்வாளர்களின் அனைத்திந்தியக் கூட்டமைப்பு 2024-இல், ஓராண்டுக்குள் ஏறத்தாழ இரண்டு இலக்கம் சிறுகடைகள் இந்தியாவில் மூடப்பட்டன என்று அறிவித்தது. தொகை கூடலாம், குறையலாம்; போக்கு இதுதான். பத்து மணித்துளியில் வீட்டுக்குக் கொண்டுவருகிறோம் என்று சொல்லிப் பெருமுதலாளிகள் நகரங்களில் இறங்கினர். வாங்குவோர் நுழைய முடியாத மூடிய பண்டகசாலைகளைத் தெருவுக்கொன்றாய் அமைத்து, முதலில் இழப்புக்கு விற்றுக் கடைக்காரரை ஒழித்து, பிறகு விலையைத் தாம் முடிவு செய்வது அவர்கள் வழி. செங்குன்றத்திலிருந்து பெரியபாளையம் போகும் சாலையில் சென்று பாருங்கள். நெல் விளைந்த நிலத்தில் பெரும் பெரும் பண்டகக் கொட்டில்கள் எழுந்து நிற்கின்றன. கடைக்காரர் கடன் தருவார். ஊதியம் வரும்வரை குறிப்பேட்டில் பற்றெழுதிக்கொள்வார். ஆலையில் கதவடைப்பு என்றால் இரண்டு திங்கள் பொறுப்பார். மூடிய பண்டகசாலை யாரைப் பொறுக்கும்?

ஆகவேதான் எம் தங்கை மகனுடைய திட்டத்தின் எலும்பு நல்ல எலும்பு என்கிறோம். இருக்கின்ற கடைகளை இணைப்பது! அதற்கு இப்போது வழியும் உண்டு. 2021 திசம்பர் இறுதியில் பதிவான ஓ.என்.டி.சி. என்னும் திறந்த வணிக வலையம், 2022 ஏப்பிரலில் ஐந்து நகரங்களில் ஆய்வாகத் தொடங்கியது. அவற்றுள் ஒன்று நம் கோவை. அதில் விற்பவனுக்கு ஒரு செயலி, வாங்குபவனுக்கு வேறொரு செயலி. இரண்டும் ஒரே குழுமத்தினுடையதாக இருக்க வேண்டியதில்லை. எளாவூர்க் கடைக்காரர் ஒருமுறை தம் பொருள்களைப் பதிந்துவிட்டால், அவ்வலையத்தில் உள்ள எந்தச் செயலியில் தேடுவோர்க்கும் அவர் கடை தெரியும். நடுவணரசின் முயற்சியாயிற்றே என்று ஒதுக்க வேண்டா. கருவி யார் செய்ததாயினும் கை நம்முடையதாக இருக்கட்டும். ஆனால் ஒன்று: அங்கும் பதியும் பட்டியலில் கடைக்காரர் ‘சீரா’ என்று பதிந்தால் ‘சீரா’தான், சீரகம் என்று பதிந்தால் சீரகம். பட்டியல் எழுதும் கை எவருடையது என்பதே முழு வழக்கும்.

கூட்டாக நடத்தத் தமிழனுக்குத் தெரியாது என்று சொல்வாரும் உளர். திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் 1904-இல் தோன்றியது. வாங்குவோரே சேர்ந்து, தமக்கு வேண்டிய பொருளைத் தாமே கொள்முதல் செய்து நடத்திய கடை அது, இந்தியாவுக்கே முன்னோடி. கணினி இல்லாத நாளில், சென்னையில், நம் பாட்டன்மார் செய்த செயல் அது! கும்மிடிப்பூண்டிக் கடைக்காரர் நாற்பது பேர் சேர்ந்து ஒரு செயலியைத் தம் உடைமையாக வைத்துக்கொள்ள முடியாதா? வெளியார் பணம் போட்டால் வெளியார் பட்டியல். நம் பணம் போட்டால் நம் பட்டியல்.

பட்டியலைத் தமிழில் எழுதுவதென்றால் அகரமுதலியைத் திறந்துவைத்துக்கொண்டு யாருக்கும் விளங்காத சொற்களை அடுக்குவதென்று சிலர் எண்ணுகின்றனர். நம் தனித்தமிழ் அன்பர்களுள்ளும் அப்படிச் சிலர் உளர். அவர்களுக்காகவும் இதைச் சொல்கிறோம். அடுக்களையில் புதுச்சொல் ஆக்க வேண்டிய இடம் மிகச் சிறிது. வழக்கில் உள்ளதை எழுதினால் போதும். மீன் என்றால் பழவேற்காட்டில் கூறு. கீரை என்றால் கட்டு. பூ என்றால் முழம். வாழைப்பழம் என்றால் சீப்பு. பொரி என்றால் படி. செயலிகள் இவை எல்லாவற்றையும் ‘பீசு’ என்னும் ஒரே சொல்லில் போட்டு அடைத்துவிட்டன. முழத்தையும் கட்டையும் கூற்றையும் பொறிக்குச் சொல்லிக்கொடுக்க முடியாதா? தேடுமிடத்தில் ‘பாசிப்பருப்பு’ என்றாலும் ‘பயத்தம்பருப்பு’ என்றாலும், பிழையாய்ப் ‘பயித்தம்’ என்றாலும் ஒரே பொருளைக் காட்டும்படி நிரல் எழுத முடியாதா? எழுத்துக் கூட்டத் தெரியாத முதியவர் வாயால் சொன்னால் கேட்டுக்கொள்ளவும், கையால் எழுதிய சீட்டைப் படமெடுத்து அனுப்பினால் கடைக்காரர் பார்த்துக் கட்டவும் வழி செய்ய முடியாதா? முடியும் என்று அவனே ஒப்புக்கொண்டான். கைப்பேசியில் தமிழ் ஏறாது என்று சொன்ன காலம் மலையேறிவிட்டது. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் செல்லினத்தை ஆக்கி, குறுஞ்செய்தி நாளிலேயே கைப்பேசியில் தமிழை ஏற்றிக் காட்டினார். கடல் கடந்தவர் செய்துவிட்டுப் போனதைப் பயன்படுத்தவும் நமக்குச் சோம்பலா?

அரசுக்கும் சொல்வோம். தமிழ்நாடு அரசு புத்தொழில் இயக்கம் என்று நல்ல தமிழில் பெயர் வைத்துவிட்டு, மேடையிலும் பதாகையிலும் ‘இசுடார்ட்டப் டி.என்.’ என்றே முழங்குகிறது. வழிகாட்ட வேண்டியவர் வாயே அப்படி! அவ்வியக்கம் டான்சீடு என்னும் திட்டத்தின்வழி, தொழில் தொடங்கும் இளைஞர்க்குத் தொடக்கத்தில் 10 இலக்கம் உருபா வரை வழங்கத் தொடங்கியது. தமிழர் வரிப்பணம் அது. அப்பணம் பெறுவோர் தம் செயலியைத் தமிழிலும் தரவேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் என்ன கெட்டுவிடும்? பெயர்ப்பலகை விதியைத் திருத்தி, தமிழ்நாட்டு வீடுகளுக்குப் பொருள் கொண்டுசேர்க்கும் செயலி எதுவாயினும் முகப்பும் பொருட்பெயரும் விலைச்சீட்டும் முறையீட்டுக்கு மறுமொழியும் தமிழில் இருக்க வேண்டும் என்று சட்டமியற்றினால் யார் தடுப்பார்? 2011-ஆம் ஆண்டுப் பொட்டல விதியில் அந்தந்த மாநில மொழியை இந்திக்கு நிகராக வைக்க நாடாளுமன்றத்தில் நம் உறுப்பினர் என்றேனும் எழுந்து வாதிட்டனரா? பருப்புப் பொட்டலம் அவர்கள் கண்ணுக்குச் சிறிய செய்தியாகத் தோன்றுகிறது போலும். அந்தச் சிறிய பொட்டலம் நாள்தோறும் எத்தனை கோடிக் கைகளில் புரள்கிறது!

எம் தங்கை மகன் மூன்று நாள் எம்முடன் இருந்தான். முதல் நாள் வாதிட்டான். இரண்டாம் நாள் வாய் பேசவில்லை. மூன்றாம் நாள் காலை, தன் அன்னைக்குப் பேசி, அடுக்களையில் கிடக்கும் பழைய மளிகைச் சீட்டுகளைப் படமெடுத்து அனுப்பச் சொன்னான். பதினொரு சீட்டு வந்தது. அவற்றிலிருந்து நூற்று நாற்பது பொருட்பெயர்களை அவனும் யாமும் உட்கார்ந்து எழுதி முடித்தோம். செயலியின் பெயரை இன்னும் மாற்றவில்லை. நண்பர் இருவரிடமும் கேட்க வேண்டுமாம். யாம் விடுவதாக இல்லை.

அப்பட்டியல் போதாது. தேர்வாய் கண்டிகை, ஊத்துக்கோட்டை, பொன்னேரி, பழவேற்காடு, பெரியபாளையம், திருத்தணிப் பகுதிகளில் உள்ள அன்பர்கள், தத்தம் ஊர்க்கடையில் வழங்கும் அரிசி வகை, பருப்பு வகை, கீரை, மீன், எண்ணெய் ஆகியவற்றின் பெயர்களையும், அவற்றை அளக்கும் சொற்களையும், தெரிந்தவாறே, திருத்தாமல், கடையில் கேட்டபடியே எழுதி எமக்கு விடுக்க வேண்டுகின்றோம். வீட்டில் பழைய சீட்டுகள் கிடந்தால் அவற்றையே அனுப்பலாம். வந்தவை அனைத்தையும் அடுத்த திங்கள் இதழோடு பட்டியலாக அச்சிட்டு, கேட்கும் தமிழ்க் கடைக்காரர்க்கும் செயலி எழுதும் இளைஞர்க்கும் விலையின்றித் தருவோம்.